கடைமடைக்கு நீர் வராதபோது

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டுக்களைக் காணாமல் திரும்புவதில்லை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவற்றில் ஏரி வாரியம் என்ற குழுவும் பேசப்படுகிறது. கணினியைப் பற்றிப் பேச வந்த நான் ஏரியைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கடைமடைக்கு நீர் வராவிட்டால் எங்கள் பக்கத்து உழவர் ஏரிக்கரையை உடைக்கப் புறப்படுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தம் வயலிலிருந்து மதகை நோக்கி வாய்க்கால் வழியே நடப்பார். அடைப்பு இருக்கும் இடம் தானே தெரியும்.

சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, கடைத்தெருவில் நண்பர் ஒருவர் நடத்தும் சிறு கணினி நிலையத்துக்குச் சென்றிருந்தேன். கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்த ஒரு பெண், சான்றிதழ் உறையை மடியில் வைத்துக்கொண்டு தாயின் அருகில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கணினிகளிலும் இணையம் இல்லை. நண்பர் குண்டூசியும் கையுமாக ரவுட்டரின் பின்புறத்தில் உள்ள சிறு துளையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, சற்றுப் பொறு" என்றேன்.

"எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஐயா. இது ஒன்றுதான் பாக்கி" என்றார்.

அத்துளையில் சில விநாடிகள் அழுத்தினால் ரவுட்டர் கற்றதையெல்லாம் மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குப் போய்விடும். இணைப்பு அளித்தவர்கள் அதில் பதித்துவைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகும். அவற்றை அவர் எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை. ஏரிக்கரையை உடைப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

முதலில் கேட்கவேண்டியது, பழுது ஒன்றுக்கா, எல்லாவற்றுக்குமா என்பது. அவருடைய கைப்பேசி அதே வைஃபையில் செவ்வனே இயங்கியது. ஆகவே மதகு வரையில் நீர் வந்திருக்கிறது. ஆனால் வருடியெடுத்த சான்றிதழ்களோ கணினியில் இருந்தன. கணினியில் 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையைத் தட்டச் செய்தேன். அதன் முகவரி 192.168.0 என்று தொடங்கியது. கைப்பேசியின் முகவரியோ 192.168.1 என்று தொடங்கியது. ஒரே வீட்டில் இரண்டு தெருப்பெயர்!

விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. பக்கத்து அறைக்கு வைஃபை எட்டவில்லையென்று, நண்பகலில் அவர் பழைய ரவுட்டர் ஒன்றைக் கேபிளால் இணைத்திருக்கிறார். முகவரி வழங்குவது ரவுட்டரின் வேலைகளுள் ஒன்று. இரண்டு ரவுட்டர்கள் வழங்கத் தொடங்கினால், முந்திக்கொண்டு விடை சொல்வதன் முகவரியைக் கணினி ஏற்றுக்கொள்ளும். பழையதற்கோ வெளியுலகத்துக்கு வழி கிடையாது. அந்தக் கேபிளைப் பிடுங்கிக் கணினிகளை மீண்டும் இயக்கினோம். ஆறு மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. தாயார் கேட்டது ஒன்றுதான்: "கடைசிப் பஸ்ஸுக்கு நேரம் இருக்குமா?"

எல்லாப் பழுதும் இவ்வகையன்று. முகவரி 169.254 என்று தொடங்கினால், கேட்ட கணினிக்கு யாரும் விடை தரவில்லை, அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள். கண்ணாடி இழை இணைப்புக் கருவியில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு எரிந்தால், இழை மடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, இணைப்பு அளித்தவர்களை அழையுங்கள். இன்னொரு கருவி 'பிங்'. 1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல் இது. நீர்மூழ்கியைத் தேடும் ஒலியலையின் ஓசையே இதற்குப் பெயராயிற்று. 8.8.8.8 என்ற எண்ணுக்கு எதிரொலி வந்தும் தளங்கள் பெயரால் திறக்காவிட்டால், பாதையில் குறையில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டில்தான் கோளாறு.

மறுநாள் நண்பர் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுப் பெற்று, கணக்குப் புத்தகத்தின் முதல் ஏட்டில் எழுதிக்கொண்டார். பழைய ரவுட்டரின் சொந்த எண்ணை மாற்றி, முகவரி வழங்கும் வேலையையும் நிறுத்திவிட்டோம். இப்போது அது பக்கத்து அறையில் வைஃபை மட்டும் தந்துகொண்டிருக்கிறது.