எழுத்துக் கூட்டும் பருவம்

விசயதசமி நாளிலே தாம்பாளத்திற் பரப்பிய அரிசியின்மேல் குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ என்று எழுதுவிப்பதை நாம் ஏடு தொடக்குதல் என்கிறோம். அன்று பிடிக்கும் கை ஒன்று. பிடிக்கப்படும் விரலும் ஒன்று. சில மாதங்களின் பின் அதே குழந்தை முதலாந்தர வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளுள் ஒன்றாக அமர்கிறது. அங்கே அதன் விரலைப் பிடிக்க எவர் கையும் மிஞ்சுவதில்லை. எழுத்தறிவிக்கும் தொழிலின் இடர்ப்பாடு முழுவதும் இவ்விரு காட்சிகளுக்கும் இடையே கிடக்கிறது என்பது என் அநுபவம்.

யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலையொன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியனாக நெடுங்காலம் கடமையாற்றியவன் நான். அக்காலத்தில் நான் கற்பித்தவற்றைக் காட்டிலும் கற்றுக்கொண்டதே மிகுதி. அவற்றுள் ஒன்றை, அதுவும் என் பிழையால் நான் கற்றதொன்றை, இங்கே சொல்ல விழைகிறேன்.

பெருந்தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பாடசாலைகள் அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பல மாதங்கள் மூடியே கிடந்ததை யாவரும் அறிவர். 2022 இல் என்னிடம் மூன்றாந்தரத்துக்கு வந்த பிள்ளைகள், முதலாந்தரத்தையும் இரண்டாந்தரத்தையும் பெயரளவிற் கடந்தவர்கள். அவர்களுள் ஒரு சிறுவன் நன்றாக வாசிப்பான், கணீரென்ற குரல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவான். வகுப்புக்கு முன்மாதிரியாக அவனை எழுப்பி வாசிப்பித்து நான் பெருமைப்பட்டதும் உண்டு.

ஒருநாள் அவன் வாசித்துக்கொண்டிருக்கையில் காற்று வந்து புத்தகத்தின் தாளைப் புரட்டிவிட்டது. அவன் நிறுத்தவில்லை. கண் புதிய பக்கத்தில் இருக்க, வாய் பழைய பக்கத்தையே சொல்லிக்கொண்டு போயிற்று. பாடம் முழுவதையும் அவன் செவியாற் கேட்டு மனத்திற் பதித்திருந்தான். ‘மரம்’ என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிழை அவனுடையதன்று. ஒப்புவித்தலை வாசிப்பென்று நம்பியவன் நானே.

நோயறிதல்

மறுநாள் முதல், இடைவேளைகளிலும் பாடசாலை விட்ட பின்னரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் பார்த்தேன். எழுத்துக்கள் சில, அவர்கள் பாடப்புத்தகத்திற் காணாத சொற்கள் ஐந்து, சிறு வாக்கியம் ஒன்று. இவ்வளவே என் சோதனை. வகுப்பிலிருந்த முப்பத்துநால்வருள் பதினொருவர் வாசிக்க அறியார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. ஆயின், பதினொருவரின் குறையும் ஒன்றாயிருக்கவில்லை.

சிலர் எழுத்தின் பெயரை அறிவர், ஒலியை அறியார். ‘ஆனா, ஆவன்னா’ என்று பாடத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த ‘ஆனா’வே ‘அணில்’ என்னுஞ் சொல்லின் முதலில் ஒலித்து நிற்கிறது என்பது தோன்றவில்லை. வேறு சிலர் தனியெழுத்தை அறிவர், குறிகளில் இடறுவர். தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துக்கள் உண்டென்று கணக்குச் சொல்கிறோம். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் சில குறிகளும் தெரிந்தாற் பெரும்பாலானவற்றைத் தாமே கூட்டி அறியலாம் என்பது உண்மை. ஆனால் ‘கொ’ என்பதை நோக்குங்கள். செவி முதலிற் கேட்பது ககர மெய்யை. கண் முதலிற் காண்பதோ கொம்பை. உகர ஊகார வரிசைகளிலோ கு, து, பு, மு என எழுத்துக்கு எழுத்து வடிவம் வேறுபடுகிறது. வளர்ந்தவர் மறந்துவிட்ட இவ்விடர்களைக் குழந்தை நாள்தோறும் தனியே சந்திக்கிறது.

மூன்றாவது சாரார் எழுத்துக் கூட்டுவர், பொருள் கொள்ளார். ‘வருகிறார்கள்’ என்று வாசித்த சிறுமியிடம், “ஆர் வருகினம்?” என்று நான் வீட்டுமொழியிற் கேட்ட பின்னரே அவள் முகம் மலர்ந்தது. தான் வாசித்ததும் வீட்டிற் பேசுவதும் ஒரு மொழியே என்பதை அவளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

இம்மூவகையினரையும் ஒரே வாங்கில் இருத்தி, ஒரே பாடத்தை உரக்கச் சொல்லுவித்தால் என்ன பயன்? மூவர்க்கும் மூன்று நோய்; மருந்தோ ஒன்று.

பாயில் அமர்ந்த ஐவர்

ஆகவே, வகுப்பின் மூலையிற் பாயொன்றை விரித்து, ஒரே குறையுடையோர் நால்வர் ஐவராக அழைத்து அமர்த்தினேன். ஒவ்வொரு குழுவுக்கும் நாளொன்றுக்குக் கால்மணி நேரம். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுதி வெட்டிய அட்டைகளே எங்கள் கருவிகள்.

நெடுங்கணக்கு முறையிலன்றி, விரைவிற் சொல்லாகும் எழுத்துக்களிலிருந்து தொடங்கினேன். ட, ப, ம, ர என்னும் நான்கும் புள்ளியும் தெரிந்தாற் படம், மடம், மரம், பட்டம், மட்டம் என்பவற்றை வாசிக்கலாம். முதல் வாரத்திலேயே தான் அறியாத சொல்லொன்றைத் தன் முயற்சியால் வாசித்துவிட்ட பிள்ளை, மறுநாள் அழைக்காமலே பாயில் வந்து அமரும். எழுத்தைக் காட்டுமுன் ஒலியோடு விளையாடினோம். “‘ம’வில் தொடங்குகிற பொருள் ஏதும் கண்டியா?” என்றால் மாமரமும் மண்வெட்டியும் வரும். பின் அட்டைகளை அடுக்குவர்; வாசிப்பர்; மணலில் எழுதுவர். இறுதியில், அவர்களுள் ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன வாக்கியத்தையே எழுதி எல்லாரும் வாசிப்போம். “எங்கடை ஆடு குட்டி போட்டது” என்பது ஒருநாட் பாடம்.

சிறு குழுவின் சிறப்பு யாதெனில், அங்கே மௌனம் செவிக்குக் கேட்கும். முப்பது பேர் கூடி ஓதும்போது ஓதாத பிள்ளை அவ்வோசையுள் ஒளிந்துகொள்ளும். ஐவர் அமர்ந்த வட்டத்தில் ஒளிய இடமில்லை. எந்த எழுத்தில் நா தடைப்படுகிறது, கண் எங்கே தாவுகிறது என்பதெல்லாம் ஓர் அடி தூரத்திற் புலனாகும்.

மற்றைய பிள்ளைகள் அப்போது என்ன செய்தனர் என்று ஆசிரியர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. வாசிக்க வல்லவர்களை இருவர் இருவராக அமர்த்தி ஒருவர்க்கொருவர் வாசிக்கச் செய்தேன், சிலர் எழுதினர், சிலர் படம் வரைந்தனர். இரைச்சல் இருந்தது. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்ற எண்ணத்தை நான் கைவிட வேண்டியதாயிற்று.

மணலும் சட்டாம்பிள்ளையும்

மூத்த மாணவன் இளையோர்க்கு உதவும் வழக்கம் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை என்பவன் அதனையே செய்தான். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு 1789 இற் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்த உதவி ஆசிரியர்கள் இணங்காமையால், ஜோன் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே எழுத்துக் கற்பித்தார். அவர் 1797 இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக அது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்திற் பரவியது.

நம் திண்ணையிலிருந்து சென்ற அம்முறை, அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரின்கீழ்க் குறைந்த செலவில் அடக்கும் யந்திரமாக மாறியது. பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கலாம். ஆனால் ஆசிரியருக்குப் பதிலாகப் பிள்ளையை நிறுத்தலாகாது. என் வகுப்பிற் சட்டாம்பிள்ளைகள் துணைவர்; பாயில் அமர்ந்தவன் நானே.

பூக்களின் பெயர்

இனி என் இரண்டாவது பிழை. குழுக்களுக்கு மல்லிகை, தாமரை, செவ்வந்தி, அலரி என்று பெயரிட்டிருந்தேன். எவரும் தாழ்வாக எண்ணலாகாது என்பதே நோக்கம். ஒரு மாதம் சென்றபின், முன்னர்க் கூறிய சிறுவனின் அம்மம்மா படலையடியில் என்னை மறித்தார்.

“மாஸ்ரர், என்ர பேரன் எப்ப மல்லிகைக்குப் போவான்?”

நான் நாணினேன். மல்லிகை கெட்டிக்காரருக்கு, அலரி மக்குகளுக்கு என்று ஊர் முழுவதும் தெரிந்திருந்தது. தெரியாதவன் நான் ஒருவனே. அன்றே பூக்களை அகற்றினேன். அதன்பின் குழுக்களுக்குப் பெயர் இல்லை; வேலை மட்டுமே உண்டு. கொம்பும் காலும் பயில்வோர் இந்த இரு வாரத்துக்கு ஒரு குழு. பயின்றதும் அது கலையும். கதை சொல்லும் குழுவில் அச்சிறுவனை முதல்வனாக அமர்த்தினேன். நினைவாற்றலில் அவனுக்கு நிகரானவர் வகுப்பில் இல்லையன்றோ!

மூன்றாந் தவணையில் அந்த அம்மையார் மறுபடி வந்தார்; இம்முறை மனக்கவலையோடு. “முந்தி எவ்வளவு வடிவா வாசிச்சவன், மாஸ்ரர். இப்ப திக்கித் திக்கி வாசிக்கிறான். என்ன செய்து போட்டியள்?”

அவர் கையில் ஆசுப்பத்திரியிற் கொடுத்த மருந்து உறை இருந்தது. அதனை வாங்கிச் சிறுவனிடம் நீட்டினேன். அவன் விரலை வைத்து, “உ… ண… வின்… உணவின்… பின்… இரண்டு…” என்று கூட்டினான். வேர்த்துவிட்டது அவனுக்கு. அம்மையார் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அயல்வீட்டுப் பெட்டையைத்தான் இவ்வளவு நாளும் கேட்டனான்” என்றார். பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு சென்றுவிட்டார்.

பதினொருவரும் தேறினர் என்று சொல்ல நான் பொய்யனல்லன். ஒன்பதின்மர் ஆண்டிறுதியில் வாசித்தனர். ஒரு சிறுமிக்குக் கண்பார்வைக் குறை உண்டென்பது பாயில் அமர்ந்தபோதே தெரியவந்தது. கண்ணாடி கிடைக்க ஆண்டு முடிந்துவிட்டது. மற்றொருவன் பெற்றோருடன் வேறூர் சென்றான். அவன் அறியாத எழுத்துக்களின் பட்டியல் இன்னும் என் கொப்பியில் இருக்கிறது.

1945 இல் இலவசக் கல்வி வந்ததிலிருந்து நம் நாட்டிற் பாடசாலைக் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. ஆனால் வகுப்பினுள்ளே புத்தகத்தின் கதவு சிலருக்கு மூடியே கிடக்கலாம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்துவோரை எண்ணிப் பெயர்ப்பலகை எழுதும் நாம், மூன்றாந்தரத்தில் வாசிக்க அறியாதோரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இளம் ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: உங்கள் வகுப்பில் மிக நன்றாக வாசிக்கும் பிள்ளையை நாளை அழையுங்கள். புத்தகத்தில் அது காணாத பக்கமொன்றைத் திறந்து கொடுங்கள்.