25 எழுத்துகள் குறைந்த மரபணு

இதயத் தசை நார்களில் மையோசின் பிணைப்புப் புரதம் சி என்றொரு புரதம் உண்டு. தசையை இழுத்துச் சுருக்குவது மையோசின். அதன் தலைகளில் ஒரு பகுதியை வேலை வரும்வரை மடக்கி ஓய்வில் வைத்து, ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் வலுவையும் அளவோடு வைத்திருப்பது இந்த சி புரதம். 1,274 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அதை உருவாக்கும் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இந்திய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு இந்த மரபணுவின் ஒரு பிரதியில் 25 எழுத்துகள் கிடையாது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கணக்குக்குள் வருகிறவர்களே.

இந்தச் செய்தி 2009 ஜனவரியில் உலகெங்கும் பரவியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை எஸ். தண்டபாணி, ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு அது. இந்தியாவின் 107 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 6,273 பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். பிறகு 26 நாடுகளின் மாதிரிகளில் தேடினார்கள். இந்தக் குறை பாகிஸ்தான், இலங்கை, இந்தோனேசியா, மலேசியா மாதிரிகளில் தென்பட்டது. மற்ற நாடுகளில் இல்லை. இதயத் தசை நோயாளிகளிடம் இது இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு என்று கணக்கிட்டார்கள். உலகில் நூற்றில் ஒருவர், அதாவது 6 கோடிப் பேர், இதய நோய் மரபணுவைச் சுமக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

எண்ணைவிட அழகானது, 25 எழுத்துகள் போவதால் என்ன கெடுகிறது என்பதுதான். ஏனென்றால் அந்த எழுத்துகள் புரதத்தை எழுதும் பகுதியிலேயே இல்லை. செல் எப்படியும் வெட்டி எறியப்போகும் பகுதியில் அவை இருந்தன. எறியப்போவதில் கொஞ்சம் குறைந்தால் யாருக்கு நட்டம்?

மரபணுவிலிருந்து செல் எடுக்கும் ஆர்.என்.ஏ. நகலை ஒரு நீண்ட துணிச் சுருளாகக் கொள்ளலாம். பூப்போட்ட துண்டு, வெற்றுத் துணி, மறுபடி பூப்போட்ட துண்டு என்று மாறி மாறி வரும் துணி. பூத்துண்டுகள் மட்டும்தான் சட்டைக்கு வேண்டும். செல்லுக்குள் இருக்கும் தையற்காரர் வெற்றுத் துணியின் முன் விளிம்பை முதலில் வெட்டுவார். வெட்டிய முனையை, அதே வெற்றுத் துணியின் பின்பகுதியில் ஏற்கெனவே குத்தியிருக்கும் ஒரு குண்டூசியோடு சேர்த்துப் பிடிப்பார். துணி ஒரு கண்ணி போல வளையும். அதன்பின் பின் விளிம்பையும் வெட்டி, இரண்டு பூத்துண்டுகளையும் ஒட்டித் தைத்து, கண்ணியைக் குப்பையில் போடுவார். செல்லில் அந்தக் குண்டூசி, குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் ஒற்றை எழுத்து.

சி புரத மரபணுவில், 32ஆவது பூத்துண்டை அடுத்த வெற்றுத் துணியில் அந்தக் குண்டூசி இருக்கும் இடமே 25 எழுத்துகளோடு போய்விட்டது. வெட்டிய முனையைக் கையில் பிடித்த தையற்காரர் அடுத்த குண்டூசியைத் தேடுகிறார். அது 33ஆவது பூத்துண்டையும் தாண்டி இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துப் பிடித்தால், 33ஆவது பூத்துண்டு முழுதும் கண்ணிக்குள் மாட்டி வெற்றுத் துணியோடு குப்பைக்குப் போகிறது. 32ஆவது துண்டு 34ஆவதோடு தைக்கப்படுகிறது.

கேடு அத்தோடு நிற்பதில்லை. இந்தத் துணியின் பூ வேலைப்பாடு மூன்று கட்டத்துக்கு ஒருமுறை திரும்ப வருவது. தொலைந்த துண்டின் நீளம் மூன்றால் வகுபட்டிருந்தால், துண்டு குறைந்தாலும் தையலுக்கு அப்பால் பூ பூவோடு சேர்ந்திருக்கும். வகுபடவில்லை. ஆகவே தையலுக்குப் பின் காம்பு வரவேண்டிய இடத்தில் இதழ், இதழின் இடத்தில் இலை என்று முழு வேலைப்பாடும் நகர்ந்துவிடுகிறது. புரதத்தின் வால் முனையில் 62 அமினோ அமிலங்களுக்குப் பதில் சம்பந்தமில்லாத 55 வந்து உட்காருகின்றன. தடித்த தசை இழையில் புரதம் தன்னைப் பொருத்திக்கொள்ளும் இடம் அதுதான். ஆய்வகத்தில் எலிக் குஞ்சின் இதயச் செல்களுக்குள் இந்தக் கோணல் புரதத்தைச் செலுத்தியபோது இழைகளின் வரிசை குலைந்தது.

மனிதரிடம் துணிச் சுருள் இரண்டு: ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒன்று கோணலானாலும் மற்றது நேராகவே தைக்கப்படும். தவிர, கோணல் சட்டைகளைக் கண்டுபிடித்துக் கிழித்துப் போடும் மேற்பார்வையாளரும் செல்லுக்குள் உண்டு. வயது ஏற ஏற அவருடைய கண் மங்குகிறது, கோணல் சட்டைகள் சேர்கின்றன, நோய் நடுத்தர வயதுக்குப் பின் தலைகாட்டுகிறது என்பது 2009ஆம் ஆண்டு ஆய்வாளர்களின் விளக்கம். பிள்ளை பெற்று முடித்த பிறகே நோய் வருவதால் இயற்கைத் தேர்வு இந்தக் குறையைக் களையவில்லை என்றும், இதற்கு 33,000 ஆண்டு வயது இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

வரலாற்றில் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். மரபணு இப்படித் துண்டு துண்டாக இருப்பதை 1977இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் பிலிப் ஷார்ப்பும் காட்டினார்கள். 1993இல் நோபல் பரிசு பெற்றார்கள். இளம் வயதில் திடீரென இறந்தவர்களின் இதயச் சுவர் தடித்திருப்பதை 1958இல் லண்டனில் டொனால்ட் டியர் விவரித்தார். சி புரத மரபணுவுக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1995இல் தெரிந்தது.

6 கோடிக்குத் திரும்பினால், அந்த எண் பயமுறுத்தும் அளவுக்கு விளக்கவில்லை. இதயத் தசைத் தடிப்பு நோய் ஐந்நூறு பேரில் ஒருவருக்கு வருவது. அது 7 மடங்கானாலும் ஐந்நூறில் ஏழு பேருக்கே வரும்; 493 பேர் நன்றாக இருப்பார்கள். 25 எழுத்து குறைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுதும் இதயத்தால் ஒரு தொல்லையும் காணாமல் வாழ்வது ஏன் என்ற கேள்வியை அந்தத் தலைப்புச் செய்திகள் கேட்கவே இல்லை.

விடை இரண்டு தவணையாக வந்தது. 2018இல் சக்திவேல் சடையப்பன் குழுவினர் அமெரிக்காவில் வாழும் 2,401 தெற்காசியர்களைப் பரிசோதித்தார்கள். குறை உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு அதே மரபணுவில் இன்னொரு எழுத்துப் பிழையும் இருந்தது. இதயம் அளவுக்கு மீறிய வேகத்தில் சுருங்கும் அறிகுறிகள் அந்தச் சிறு பகுதியினரிடம் தெரிந்தன. 2020இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ ஹார்ப்பர், ஹியூ வாட்கின்ஸ் முதலியோர் இன்னும் உறுதியான ஒன்றைக் காட்டினார்கள். 25 எழுத்து குறைந்த மரபணுப் பிரதிகளில் மிகச் சிலவற்றில் மட்டும் வேறொரு பிழை உடன் இருக்கிறது. ஒரு பூத்துண்டு தொடங்க 52 எழுத்து இருக்கையில், வெற்றுத் துணியின் நடுவே, வெட்டக் கூடாத இடத்தில் அது ஒரு வெட்டுக்குறியை உண்டாக்குகிறது. தசைத் தடிப்பு நோயின் அபாயம் இந்த இரண்டாவது பிழையோடுதான் வருகிறது. அது இல்லாமல் 25 எழுத்து மட்டும் குறைந்தவர்களுக்கு அந்நோயின் அபாயம் கூடுதலாகத் தெரியவில்லை.

2009ஆம் ஆண்டுக் கணக்கு ஏன் அப்படி வந்தது என்பதும் இதனால் விளங்குகிறது. ஏற்கெனவே 25 எழுத்து குறைந்திருந்த ஒரு பிரதியில் இரண்டாவது பிழை எப்போதோ தோன்றியது. அன்று முதல் இரண்டும் பிரியாமல் தலைமுறை தாண்டுகின்றன. நோயாளிகளிடம் ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்கும். தேடியவர்களின் கண்ணில் பட்டதோ, எண்ணிக்கையில் அதிகமாக இருந்த 25 எழுத்துக் குறை. ஆய்வகத்தில் கண்ட தையல் கோளாறு அதனால் பொய்யாகிவிடாது. ஒரு செல்லில் தெரியும் கோளாறு ஒரு மனிதரின் நோயாக மாற அது போதவில்லை என்பதே பொருள்.

சுங்கைப் பட்டாணியில் இந்த வேறுபாடு முக்கியமானது. நமக்குப் பரம்பரையிலேயே மாரடைப்பு எழுதியிருக்கிறது என்ற பேச்சுக்கு இந்த மரபணுவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. மாரடைப்பு இரத்தக் குழாய் அடைப்பதால் வருவது. சி புரதத்தின் குறை தசையைப் பற்றியது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு தெற்காசியருக்கு 53 வயதளவிலேயே வந்தது; மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக. காரணம் தேடியபோது கிடைத்தவை புகை, கொழுப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன் முதலிய பழைய காரணங்களே. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு, இந்தியரில் 31.4. கெடா தோட்டக் குடும்பங்களின் இதயத்துக்கு இந்த எண்தான் 25 எழுத்துகளைவிடப் பன்மடங்கு பெரிய செய்தி. அரசாங்க கிளினிக்கில் ஒரு துளி இரத்தத்தில் தெரிந்துவிடும் செய்தியும் இதுவே.

தசைத் தடிப்பு நோய்க்குப் பரிசோதனை வேண்டியவர்கள் ஒரு சிறு வட்டம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு அந்நோய் உறுதியானவர்கள். நெருங்கிய உறவில் ஒருவர் இளம் வயதில் காரணம் தெரியாமல் சுருண்டு விழுந்து இறந்த குடும்பத்தினர். ஓடும்போது மயங்கி விழுகிறவர்கள். முதலில் ஈசிஜி, அடுத்து எக்கோ. இடது கீழறைச் சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்து, இரத்த அழுத்தம் போன்ற வேறு காரணம் இல்லையென்றால் நோய் உறுதியாகும். நோயாளியின் நெருங்கிய உறவினருக்கு 13 போதும். தடித்த சுவர் இரத்த ஓட்டத்தை மறிக்கும் வகைக்கு, மையோசின் தலைகளை மறுபடி ஓய்வுக்கு அனுப்பும் மேவாகாம்டென் என்ற மாத்திரைக்கு 2022 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி தந்தது. சி புரதம் செய்யத் தவறும் வேலையை ஓரளவு அது செய்கிறது. ஆனால் துடிப்பின் வலு அளவுக்கு மீறிக் குறையக்கூடும் என்பதால் எக்கோ எடுத்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து.

மரபணுப் பரிசோதனையை நோயாளியிடமிருந்து தொடங்க வேண்டும். புரதத்தை எழுதும் துண்டுகளை மட்டும் வாசிக்கும் பரிசோதனைக்கு, பூத்துண்டுக்கு 52 எழுத்து முன்னால் இருக்கும் அந்த இரண்டாவது பிழை தப்பிவிடக்கூடும் என்பதால், அந்த இடமும் வாசிக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம். 25 எழுத்து குறைவு மட்டும் தெரிந்தால் அதைக் கொண்டு குடும்பத்தாரை நோயாளிகளாக்கக் கூடாது. மாறாக, நோயாளியிடம் நோய்க்கான பிழை உறுதியாகி, அது பிள்ளையிடம் இல்லையென்றும் தெரிந்தால், அந்தப் பிள்ளைக்குத் தொடர் பரிசோதனை தேவையில்லை. பிழை இருக்கும் பிள்ளைகளுக்கு ஒருமுறை எக்கோ எடுத்து முடித்துவிட முடியாது. சுவர் பெரும்பாலும் வளரிளம் பருவத்திலோ அதற்குப் பின்னரோ தடிக்கத் தொடங்குவதால், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் எக்கோ திரும்பத் திரும்ப எடுக்கப்பட வேண்டும்.