தரங்கம்பாடிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க!

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் உறவுக்கூட்டமே வேன் பிடித்துக் கொண்டு கிளம்பி விடுகிறது. அபிராமியைத் தரிசித்து, சாப்பாடு முடிந்ததும் அதே வேனில் ஊர் திரும்பி விடுகிறோம். அங்கிருந்து சுமார் 7 கிலோ மீட்டரில் தரங்கம்பாடி இருப்பது பல பேருக்கு ஞாபகமே வருவதில்லை. வந்தாலும், "ஆம்பளத் துணை இல்லாம அங்கெல்லாம் எப்படிப் போறது?" என்று விட்டு விடுகிறோம். சென்ற மாதம் நானும், என் நாத்தனாரும், 74 வயது மாமியாரும் கும்பகோணத்திலிருந்து ரயிலிலும் பஸ்சிலுமாகப் போய் வந்தோம். போக நினைக்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

தரங்கம்பாடிக்கு இப்போது ரயில் கிடையாது. "அந்தக் காலத்துல மாயவரத்துலேர்ந்து ரயில்லயே போயிடுவோம்டி" என்று மாமியார் சொல்லிக் கொண்டே வந்தார். உண்மைதான். 1926-ல் போட்ட அந்த ரயில் பாதையை 1986-ல் மூடி விட்டார்கள். இப்போது மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சுமார் 30 கிலோ மீட்டர். காரைக்காலுக்கு ரயிலில் வருகிறவர்கள் அங்கிருந்தும் பஸ்சில் வரலாம். அது இன்னும் பக்கம். சிதம்பரம், சீர்காழி பக்கத்திலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பஸ்களும் உண்டு. ஆனால், ஏறும் போதே, "தரங்கம்பாடி ஊருக்குள்ள நிக்குமா?" என்று கண்டக்டரிடம் கேட்டு விடுங்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்சில் நமக்கு டிக்கெட் இல்லை. அது நல்ல சவுகரியம். ஆனால், வெளியூர் போகும் பஸ்களில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். பெரிய நோட்டை நீட்டாமல் சில்லறை வைத்துக் கொள்வது நல்லது.

மெயின் ரோட்டில் இறங்கினால், பழைய கோட்டை வாசல் வழியாக கிங்ஸ் தெருவுக்குள் நுழையலாம். அந்தத் தெரு நேரே கடலுக்குத்தான் போகிறது. ஊரே அவ்வளவுதான், வழி தவறவே முடியாது. ஆட்டோ கூடத் தேவையில்லை. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் மட்டும், வாடகையைப் பேசிக் கொண்டு ஏறுங்கள்.

தெருவில் 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும், 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அவருடைய கல்லறை புது எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கும் அந்தக் காலத்திலேயே இங்கே பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்த போது, எங்கள் மூவருக்குமே பெருமையாக இருந்தது.

தெருக்கோடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்தில் இடம் வாங்கிக் கட்டியது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்று விட்டுப் போய் விட்டார்கள். உள்ளே சின்ன மியூசியம் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், அன்று கோவிலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோவில். பாண்டியர் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டு போய் விட்டது. 2004 சுனாமியில் இந்த ஊர் பட்ட பாடு தெரியும் அல்லவா? அலையில் விளையாடப் பிள்ளைகளைத் தனியாக விட வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். சின்ன ஊர்களைச் சுற்றிப் பார்க்க நமக்குத் தடையாக இருப்பது தூரமும் இல்லை, துணை இல்லாததும் இல்லை. கழிப்பறையும் கடைசி பஸ்சும்தான்!

கழிப்பறை இருக்குமோ, இருக்காதோ என்று பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிற பெண்கள் எத்தனை பேர்! என் மாமியாரும் அப்படித்தான். "போற எடத்துல எங்கடி தேடறது?" என்று பாட்டிலைத் திறக்கவே மாட்டார். முன்பு வேறொரு ஊரில் (பேர் வேண்டாம்) பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால், ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். "உள்ள வாங்கம்மா, இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கறீங்களே" என்று கூட்டிப் போனார். அன்று ஊருக்கு வந்த பிறகு மாமியாருக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல். மூன்று நாள் மாத்திரை. தண்ணீர் குடிக்காமலும், சிறுநீரை அடக்கிக் கொண்டும் இருந்தால் கிருமித் தொற்று வரும் என்று டாக்டர் கண்டித்தார்.

அதிலிருந்து நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ரயில் நிற்கும் பெரிய ஸ்டேஷனிலேயே கழிப்பறை போய் விட்டுத்தான் பஸ் ஏறுவோம். மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டலாகப் பார்த்து, முதலில் அந்த வசதி உண்டா என்று கேட்டு விட்டு நுழைவோம். இதைக் கேட்க வெட்கமே வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் கொண்டே இருப்போம்.

கடைசி பஸ் விஷயத்துக்கு வருகிறேன். போன் மேப் தெருவைக் காட்டும். சாயங்காலம் எத்தனை மணிக்கு மேல் பஸ் குறையும் என்பதை அங்கே இருக்கிறவர்கள்தான் சொல்வார்கள். அதனால், இறங்கிய உடனே டீக்கடையிலோ, பூக்கட்டும் அம்மாவிடமோ, "திரும்பிப் போக கடைசி பஸ் எப்போ?" என்று கேளுங்கள். இரண்டு பேரிடம் கேட்டு, ஒரே பதில் வந்தால் நம்புங்கள். கடைசி பஸ்சுக்கு முந்தின பஸ்சே நம் பஸ் என்று வைத்துக் கொண்டால் பதற்றம் இல்லை.

சுற்றுலா இடங்களைக் கவனிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரலாற்றைச் சொல்லப் பெரிய பலகை வைக்கிறீர்கள், சந்தோஷம். அதன் பக்கத்திலேயே, கழிப்பறை எந்தப் பக்கம், கடைசி பஸ் எத்தனை மணி என்று இரண்டு வரி எழுதி வைத்தால் என்ன? பூட்டாத ஒரு கழிப்பறை இருந்தால், கோட்டையைப் பார்க்க வரும் பெண்கள் அவசர அவசரமாக ஓடாமல், இன்னும் ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துக் கொண்டு உட்காருவார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் நாலு காசு வியாபாரம் ஆகும். செய்வார்களா?

- ஒரு வாசகி, கும்பகோணம்.