உங்களுக்குத் தெரியுமா? ஊதிக் காட்டினாலே அல்சர் கிருமி சிக்கிவிடும்!

"காரம் தின்றே அல்சர் வரவழைத்துக்கொண்டான்" என்று இன்றும் வீட்டுக்கு வீடு சொல்கிறோம். மருத்துவர்களும் வெகுகாலம் காரம், கவலை, அமிலம் என்றே சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் நோயாளிகளின் இரைப்பையில் ஒரு சுருள் பாக்டீரியாவைக் கண்டார்கள். அது ஆய்வகத்தில் வளர மறுத்தது. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் கிடந்துவிட, கிருமி முளைத்திருந்தது! அல்சருக்கு அதுதான் காரணம் என்பதை அப்போதும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார் (துணிச்சலா, அசட்டுத்தனமா, நீங்களே சொல்லுங்கள்). சில நாளில் குமட்டல், வாந்தி; எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இந்தக் கிருமி யூரியாவை உடைத்து, கிடைக்கும் அம்மோனியாவால் அமிலத்தைத் தணித்துப் பிழைக்கிறது. மூச்சுப் பரிசோதனை பிடிப்பது இந்தத் தந்திரத்தைத்தான். கார்பன்-13 கலந்த யூரியாவைக் கொடுத்து, சற்று நேரம் கழித்துப் பையில் ஊதச் சொல்வார்கள்; கிருமி இருந்தால் அந்தக் கார்பன் மூச்சில் வரும். ரத்தப் பரிசோதனையோ பழைய தொற்றையும் புதியதையும் பிரித்துச் சொல்லாது.



ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் மூச்சுப் பரிசோதனையின் முடிவைப் பொய்யாக்கலாம். 2 வாரம் முன்பே நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் பொறுங்கள்.