தூண்டில் நுனி ஒடிந்தால் கோலையே வீசிவிட வேண்டுமா?

தூண்டில் கோலை ஒடித்ததில் மீன்களைவிட கார்க் கதவுகளுக்கும் கூரை விசிறிகளுக்கும்தான் பங்கு அதிகம் என்று மீன்பிடிப்பவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். சிம்பாங் அம்பாட் பக்கமிருந்து லிங்கி ஆற்றுக்கு ஊடாங் காலா பிடிக்கக் கிளம்புபவரின் மெல்லிய கோல், ஆற்றைப் பார்க்கும் முன்பே நுனியை இழந்துவிடுவதுண்டு. போனது நான்கு அங்குலம்தான். சிலர் கோலையே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், "நாலு அங்குலம்தானே" என்று மிச்சமிருக்கும் முனையில் ஒரு வளையத்தை ஒட்டிக்கொண்டு போய், அன்று முழுக்க இறால் கடிக்கவே இல்லை என்று திரும்புகிறார்கள்.

உண்மையில் இறால் கடித்திருக்கும். கோல் அதைக் காட்டியிருக்காது.

ஊடாங் காலா மீனைப் போல இரையைப் பாய்ந்து விழுங்குவதில்லை. நீண்ட கொடுக்குகளால் பற்றி, மெதுவாக நகர்த்தி, வாய்க்குக் கொண்டு போகிறது. அப்போது மறுபக்கத்தில் இறுக்கம் தெரிந்தால் விட்டுவிடும். அதனால்தான் இறால் கோலின் நுனி ஈர்க்குச்சி போல மெல்லியதாக, பெரும்பாலும் உள்துளை இல்லாத கண்ணாடி இழையில் செய்யப்படுகிறது. அந்த நுனி ஒரு விரல் அளவு தாழ்வதைப் பார்த்துத்தான் எப்போது இழுப்பது என்று முடிவு செய்கிறோம்.

நான்கு அங்குலம் போனால் எவ்வளவு போகிறது? உருண்டையான ஒரு கோலின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். விட்டம் இரு மடங்கானால் விறைப்பு இரு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகும். ஓர் உதாரணம் பார்ப்போம். நுனியில் விட்டம் 1.2 மில்லிமீட்டர், ஒடிந்த இடத்தில் 1.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் ஒன்றரை மடங்கு. ஒன்றரையை நான்கு முறை பெருக்கினால் ஐந்துக்குச் சற்று மேல் வரும். அதாவது, புதிய முனை பழைய முனையைவிட ஐந்து மடங்கு விறைப்பு. கண்ணுக்கு ஏறக்குறைய அதே கோல்தான், இறாலுக்கு அது வேறு கோல்.

சரி, ஒடிவது ஏன் எப்போதும் நுனியில்? கதவில் நசுங்குவதை விட்டுவிடலாம், அதற்கு விளக்கம் தேவையில்லை. ஆற்றில் ஒடிவதற்குக் காரணம் கோலை நெட்டுக்குத்தாகத் தூக்குவது. கோல் சாய்வாக இருக்கும்போது வளைவு அடிவரை பரவி, தடித்த பகுதி சுமையை வாங்கிக்கொள்கிறது. பிடிபட்டதைப் படகருகே கொண்டுவந்து, தங்கூசியைக் குட்டையாக்கி, கோலைத் தலைக்கு மேல் தூக்கினால் சுமை முழுவதும் நுனியில் சில அங்குலத்தில் குவிகிறது. வளையும் குச்சியின் வெளிப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பது எளிய கணக்கு: குச்சியின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். கார்பன் இழை சுமார் ஒன்றரை விழுக்காடு நீண்டதுமே அறுந்துவிடும். கண்ணாடி இழை ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு தாங்கும். 1.2 மில்லிமீட்டர் நுனிக்குக் கணக்கிட்டால், கார்பன் 4 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒடியும் இடத்துக்கு வந்துவிடுகிறது. கண்ணாடியை 2 சென்டிமீட்டர் வரை வளைக்கலாம். விலை உயர்ந்த கார்பன் கோல்கள் சிலவற்றிலும் நுனியை மட்டும் கண்ணாடியில் செய்வது இதனால்தான். கைவலை ஒன்று கூடவே இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது.

கண்ணாடி இழைக் கோல் பிறந்த கதையே ஒரு நுனிப் பழுதுதான். 1944இல் ஆர்தர் ஹோவால்ட் என்ற அமெரிக்கப் பிசின் வேதியியலர், மிச்சிகன் மாநிலத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மூங்கில் கோலின் நுனி ஒடிந்தது. அக்காலத்து நல்ல கோல்கள் தென்சீனத்தின் டொங்கின் மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டிச் செய்யப்பட்டவை. மூங்கிலில் வலுவான நார்கள் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும்; அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். போர்க்காலமாதலால் சீன மூங்கில் கிடைக்கவில்லை. ஹோவால்ட் தம் தொழிலில் கையாண்ட கண்ணாடி இழையையும் பிசினையும் கொண்டு ஒரு நுனியைச் செய்து பொருத்தினார். அது நன்றாகவே வேலை செய்தது. நுனி மட்டும் ஏன், முழுக் கோலையும் செய்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. போர் முடிந்த ஓரிரு ஆண்டுகளில் ஷேக்ஸ்பியர் நிறுவனம் 'வொண்டராட்' என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தோட்டத்து வாய்க்கால் ஓரம் மூங்கில் கழியில் தூண்டில் கட்டிய நம் பிள்ளைகளின் கைக்குப் பிற்பாடு மலிவான கண்ணாடி இழைக் கோல் வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

இனி நம் கோலுக்கு வருவோம். முதலில், ஒடிந்தது கோலா, வளையமா என்று பாருங்கள். நுனி வளையத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அது தங்கூசியை அறுக்கும். வளையத்தை மாற்றினால் போதும். வளையத்தின் உலோகக் குழாயை மட்டும் லைட்டரால் சில வினாடி சூடாக்கி, குறடால் நேராக இழுங்கள். முறுக்காதீர்கள். இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றைப் பிணைப்பது பிசின் மட்டுமே, முறுக்கினால் அந்தப் பிணைப்புப் பிளந்துவிடும். சுடரும் கோலில் படக்கூடாது.

ஓர் அங்குலத்துக்குள் ஒடிந்திருந்தால், பிளந்த பகுதியை நீக்கிவிட்டுச் சற்றுப் பெரிய குழாயுள்ள வளையத்தைப் பொருத்தலாம். இடுக்கியால் கடித்து வெட்டினால் இழைகள் நசுங்கும். காகித டேப்பைச் சுற்றி, மெல்லிய அரத்தால் சுற்றிலும் அறுத்து எடுப்பதே நல்லது. முனையை ஈரமாக்கிக்கொண்டு, முகக்கவசம் அணிந்து அறுங்கள். கண்ணாடித் தூளும் கார்பன் தூளும் தோலையும் நுரையீரலையும் உறுத்தும். ஒட்டுவதற்கு உருக்கி ஒட்டும் பசைக் குச்சியே என் தேர்வு. சூப்பர் குளூ வேண்டாம். அது நொறுங்கும் தன்மை கொண்டது, அடுத்த முறை கழற்றுவதும் கடினம். பசை ஆறுவதற்குள் மற்ற வளையங்களோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று போயிருந்தால் ஹோவால்ட் செய்ததைத்தான் நாமும் செய்ய வேண்டும்: புதிய நுனி வைப்பது. வேறொரு பழைய இறால் கோலின் கண்ணாடி நுனி இதற்கு உகந்தது. உள்துளை உள்ள கோலென்றால், அந்த நுனியின் அடியைத் துளைக்குள் மூன்று, நான்கு சென்டிமீட்டர் செல்லும்படி அரத்தால் தேய்த்து, எபாக்சி தடவிச் செருகலாம். மேலே நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன்மீதும் எபாக்சி பூசுங்கள். உள்ளிருந்து நெம்பும்போது குழாய் விரிந்து பிளக்காமல் காப்பது அந்த நூல்தான்.

கையால் பழுதுபார்த்த கோல்கள் மறுபடி ஒடியும் இடம் ஒன்று உண்டு. அது ஒட்டு அல்ல, ஒட்டு முடியும் ஓரம். சிலர் பலமாக இருக்கட்டும் என்று இரும்புக் கம்பியை உள்ளே செருகுகிறார்கள், அல்லது வெளியே குழாய் மாட்டுகிறார்கள். விறைப்பான பகுதி சட்டென்று முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும் கோட்டில் வளைவு முழுவதும் குவிந்து, அங்கேயே படார் என்று போகும். உள்ளே செல்லும் முனையைப் பென்சில் சீவுவது போலக் கூராக்குங்கள். நூல் சுற்றும் ஓரத்தில் படிப்படியாக மெலியட்டும்.

கண்ணாடிக்குப் பதில் கார்பன் துண்டு கைக்குக் கிடைத்தாலும் நுனிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தை மேலே பார்த்தோம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதும் நினைவிருக்கட்டும். பிற்பகல் இடி கேட்டாலோ, கரையோரம் மின்கம்பி தலைக்கு மேல் சென்றாலோ, கார்பன் கோலை உயர்த்திப் பிடிக்காதீர்கள்.

எபாக்சி ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு கோலை மேசை ஓரத்தில் கிடைமட்டமாக அழுத்திப் பிடித்து, நுனி வளையத்தில் ஒரு சிறிய ஈயக்குண்டைத் தொங்கவிடுங்கள். ஒடியாத இன்னொரு கோலிலும் அதே குண்டைத் தொங்கவிட்டு, இரண்டும் எவ்வளவு தாழ்கின்றன என்று அளவுகோலால் பாருங்கள். பழுதுபார்த்தது பாதிகூடத் தாழவில்லையென்றால் நுனி இன்னும் தடிமன்தான். அதை இறாலுக்கு எடுத்துப் போகாதீர்கள். திலாப்பியாவுக்கு அது தாராளமாகப் போதும்.