முளை அடிக்கும் முன் கேட்டார்களா?

சிவில் பிரிவு மாணவர்களாகிய நாம் டம்பி லெவலும் ஸ்டாஃபும் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்து கான்டூர் போடுகிறோம். நமக்கு அது பத்து மார்க். அணை கட்டுகிற இடத்திலோ அதே கோடுதான் யார் வீடு மூழ்கும், யார் வீடு தப்பும் என்று முடிவு செய்கிறது. கோட்டுக்குக் கீழே குடியிருப்பவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் 'மக்கள் கருத்துக் கேட்பு' எனும் விஷயம்.

நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணையை எடுத்துக்கொள்வோம். 1985-ல் உலக வங்கி இதற்கு 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. மக்கள் எதிர்ப்பு வலுக்கவே, 1991-ல் வங்கியே பிராட்ஃபோர்ட் மோர்ஸ் என்பவர் தலைமையில் தனிக்குழு ஒன்றை அமைத்தது. 1992 ஜூனில் வந்த அறிக்கை வங்கியைத் தூக்கிவாரிப் போட்டது. மூழ்கப்போகும் மக்களைச் சரியாகக் கலந்து பேசவே இல்லையாம்! தலைமுறை தலைமுறையாக உழுதும் பட்டா இல்லாத ஆதிவாசிகள் 'ஆக்கிரமிப்பாளர்' ஆகிவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நீர்த்தேக்கத்தில் நிலம் போனவர்களுக்காவது மாற்று நிலம் என்ற பேச்சு இருந்தது. சுமார் 460 கிலோமீட்டர் பிரதானக் கால்வாய்க்கு நிலம் கொடுத்தவர்களுக்கு அந்த உரிமைகூட இல்லை. கான்டூருக்கு வெளியே இருந்தார்கள், அவ்வளவுதான்!

1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசே சொல்லிவிட்டது. ஆனால் அணை நிற்கவில்லை. சொந்தப் பணத்தில் கட்டி, 2017-ல் திறந்தார்கள்.

அப்படின்னா அறிக்கையால் என்ன பயன் என்று கேட்கலாம். அந்தச் சூட்டில்தான் 1993 செப்டம்பரில் உலக வங்கி தனக்கென ஓர் ஆய்வுக் குழுவை ஏற்படுத்தியது. வங்கித் திட்டத்தால் பாதிக்கப்படும் இரண்டு பேர் சேர்ந்தாலே போதும், தங்கள் மொழியிலேயே புகார் எழுதலாம். முதல் புகார் நேபாளத்தின் அருண்-3 மின்திட்டம் பற்றி 1994-ல் போனது. அடுத்த வருடமே வங்கி அதிலிருந்து விலகிக்கொண்டது. என்றாலும் இந்தக் குழு விசாரித்து அறிக்கைதான் தரும்; வேலையை நிறுத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

கேட்பது வேறு, தெரிவிப்பது வேறு என்பது என் கருத்து. எங்க ஊர்ல ரோடு அகலப்படுத்தும்போது ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், இங்கிலீஷில். எங்க வீட்டில் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்தன்தான். அப்பா, "என்னடா போட்டிருக்கு?" என்றார். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முளை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நம் நாட்டில் 2006 அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்களுக்குப் பொது விசாரணை என்றால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்கவேண்டும். முழு அறிக்கை தமிழில் வேண்டும் என்று அதில் இல்லை. நாளை அந்தச் சுருக்கத்துக்கான அளவுகளை எடுத்துக் கொடுக்கப்போவது டிப்ளமோ முடித்த நாம்தான். ஸ்டாஃப் பிடிக்கப் போகும்போது, "எதுக்குத் தம்பி அளக்கிறீங்க?" என்று முதலில் நம்மைத்தான் கேட்பார்கள்.