யாழ்ப்பாணத்துச் சிறுமி உலகப் பாடகி ஆன கதை

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்து ஊர். இங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆலைகளுக்கு இரவும் பகலும் லாரிகள் வந்துகொண்டே இருக்கும்.

இந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம்! தமிழ்நாட்டில் உள்ள பெரிய முகாம்களில் இதுவும் ஒன்று.

குண்டுகளுக்கு அஞ்சிப் படகு ஏறியவர்கள், ராமேசுவரம் கரையில் இறங்கினார்கள். மண்டபம் முகாமுக்குப் போனார்கள். அங்கே இருந்து தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி வந்தவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.

அதே போர்க் காலத்தில், அதே யாழ்ப்பாணத்தில் இருந்து இன்னொரு குடும்பமும் ஓடியது. சென்னையில் கொஞ்ச காலம் தங்கியது. கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் இருந்த ஒரு சிறுமி, பிற்காலத்தில் உலகம் அறிந்த பாடகி ஆனாள்.

அவள் பெயர் மாதங்கி. வீட்டில் கூப்பிடும் பெயர் மாயா. பாட்டு உலகத்தில் அவருக்கு "எம்.ஐ.ஏ." என்று பெயர்.

"மாமா" என்று வந்த அப்பா

மாயா பிறந்தது 1975-ம் ஆண்டு ஜூலை மாதம் 18-ந்தேதி. பிறந்த இடம் லண்டன். தகப்பனார் அருள்பிரகாசம் ஒரு என்ஜினீயர். "ஈரோஸ்" என்ற ஈழ இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இயக்கத்தில் அவருக்கு "அருளர்" என்று பெயர். தாயார் பெயர் கலா.

மாயாவுக்கு ஆறு மாதம் ஆனபோது, குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது.

தகப்பனார் வீட்டில் தங்குவது இல்லை. ராணுவம் அவரைத் தேடியது. எப்போதாவது மறைவாக வருவார். அப்போது பிள்ளைகளிடம், "இவர் உங்கள் மாமா" என்று சொல்வார்கள். குழந்தைகள் வாய் தவறி வெளியே சொல்லிவிட்டால் ஆபத்து அல்லவா?

போர் முற்றியது. கலா மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். பாழடைந்த ஒரு வீட்டில் குடி இருந்தார்கள். மறுபடியும் யாழ்ப்பாணம் போனார்கள். அங்கே இருக்க முடியவில்லை. 1986-ம் ஆண்டில் லண்டனுக்குப் போய் அடைக்கலம் கேட்டார்கள்.

இன்னும் ஒரு வாரத்தில் மாயாவுக்கு 11 வயது நிறையும். ஆங்கிலம் தெரியாது.

சுவர் வழியாக வந்த பாட்டு

லண்டன் நகரின் தெற்கே மிட்சம் என்ற பகுதி. அங்கே ஏழைகளுக்காக அரசாங்கம் கட்டிய குடியிருப்பில் இடம் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் நம்மவர்கள் மிகக் குறைவு. தெருவில் போனால், நிறத்தைச் சொல்லி ஏசுகிறவர்கள் இருந்தார்கள்.

தாயார் கலா ஊசியும் நூலும் எடுத்தார். தையல் வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

மாயாவுக்கு இருந்த ஒரே துணை ரேடியோ. ஒரு நாள் வீட்டில் திருடர்கள் புகுந்து அதையும் கொண்டு போய்விட்டார்கள். இரவில் தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டில் இருந்து சுவர் வழியாக ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது. இதுவரை கேட்காத பாட்டு. பேசுவது போல இருந்தது. ஆனால் தாளம் தப்பவில்லை.

அதுதான் "ராப்" பாட்டு!

ராப் என்றால் என்ன?

ராகம் இழுத்துப் பாடுவது அல்ல ராப். தாளத்துக்கு ஏற்ப, எதுகையும் மோனையும் தெறிக்க, வேகமாகப் பேசிக்கொண்டே போவது. சென்னைக் குடிசைப் பகுதியில் பிறந்த கானாப் பாட்டைப் போல, இதுவும் ஏழைகள் தெருவில் பிறந்ததுதான்.

இந்த இசை வளர்ந்த இடம், அமெரிக்காவில் நியூயார்க் நகரைச் சேர்ந்த பிராங்க்ஸ் பகுதி. 1973-ம் ஆண்டில் அங்கே ஒரு வாலிபர், தன் தங்கை நடத்திய விருந்தில் இரண்டு இசைத் தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழல விட்டார். தாளம் மட்டும் வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டார். கூட்டம் ஆடியது. அதன் மேல் மைக்கில் பேசினார்கள். அந்த வாலிபரின் பெயர் கூல் ஹெர்க். அவரும் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைதான். பிறந்த ஊர், கடல் கடந்த ஜமைக்கா தீவு.

வந்த ஊரில் பேச்சு புரியாமல் தவித்த மாயாவுக்கு, இந்தப் பாட்டு புரிந்தது.

படம் வரைந்தவர் பாடகி ஆனார்

மாயா முதலில் பாடகி ஆக நினைக்கவில்லை. ஓவியமும் சினிமாவும் படிக்க ஆசைப்பட்டார். லண்டனில் செயிண்ட் மார்ட்டின்ஸ் என்ற பெரிய கலைக் கல்லூரி இருக்கிறது. முறைப்படி மனுப் போடாமலே, நேரில் போய் வாதாடி அங்கே இடம் வாங்கினார். 2000-ம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

"எலாஸ்டிகா" என்ற ஆங்கில இசைக் குழு அப்போது புகழோடு இருந்தது. அந்தக் குழுவின் தலைவி, தங்கள் இசைத் தட்டின் அட்டைக்குப் படம் தயாரிக்கும் வேலையை மாயாவுக்குக் கொடுத்தார். குழு அமெரிக்காவுக்குப் பயணம் போனபோது, கேமராவோடு மாயாவும் போனார்.

அந்தப் பயணத்தில்தான் திருப்பம் ஏற்பட்டது. உடன் வந்த "பீச்சஸ்" என்ற பாடகி, ஒரு தாளப் பெட்டியைக் காட்டினார். மேளக்காரர் வேண்டாம்; பக்கவாத்தியம் வேண்டாம். பித்தானை அழுத்தினால் தாளம் வரும். "நீயே பாட்டுச் செய்து பார்" என்று தூண்டினார்.

லண்டன் திரும்பிய மாயா, அப்படி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு படுக்கை அறையில் உட்கார்ந்தார். சங்கீதம் முறையாகப் படித்தவர் அல்ல. தட்டிப் பார்த்தார், பாடிப் பார்த்தார், அழித்து மறுபடியும் செய்தார்.

500 தட்டுகள்

2003-ம் ஆண்டில் "கலாங்" என்ற பாட்டு வெளியாயிற்று. முதலில் அச்சிட்டது 500 இசைத் தட்டுகள்தான்! ஆனால் நடன விடுதிகளில் அந்தப் பாட்டு பரவியது. இன்டர்நெட் மூலம் வேறு நாடுகளுக்கும் போயிற்று. 2004-ல் "எக்ஸ்.எல்." என்ற இசைத் தட்டுக் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது.

2005-ல் முதல் தொகுப்பு வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் "அருளர்"! பல ஆண்டுகளாகப் பார்க்காத தகப்பனாரின் பெயர். பெயரை மாற்றச் சொல்லி அப்பாவிடம் இருந்து ஈ-மெயில் வந்தது என்று மாயா சொல்லி இருக்கிறார். அவர் மாற்றவில்லை. பிரிட்டனின் சிறந்த இசைத் தொகுப்புக்கான "மெர்க்குரி" பரிசுப் போட்டிக்கு அது தேர்வானது. போரைப் பற்றியும் போராட்டத்தைப் பற்றியும் பாடியதால் எதிர்ப்பும் வந்தது.

கோடம்பாக்கத்தில் உறுமி மேளம்

அடுத்த தொகுப்பை அமெரிக்காவில் தயாரிக்கத் திட்டம் போட்டார். 2006-ல் அமெரிக்க அரசாங்கம் விசா கொடுக்கவில்லை. மாயா சோர்ந்து உட்காரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

முன்பு அகதியாகத் தங்கிய சென்னைக்கும் வந்தார். இந்தத் தடவை பாழடைந்த வீடு அல்ல. கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடம்! நம் ஊர் மேளக்காரர்கள் கூட்டமாக வந்து வாசித்தார்கள். கோவில் திருவிழாவில் கேட்கும் உறுமி மேளம், லண்டன் இசைத் தட்டில் ஏறியது.

2007-ல் வெளியான அந்தத் தொகுப்பின் பெயர் "கலா". முதல் தொகுப்புக்கு அப்பா பெயர். இரண்டாவதுக்கு அம்மா பெயர்!

அதில் "பேப்பர் பிளேன்ஸ்" என்று ஒரு பாட்டு. காகித விமானங்கள் என்று பொருள். பிழைக்க வருகிறவர்கள் எல்லாரையும் திருடர்களைப் போல நினைக்கிறார்களே, அந்த நினைப்பைக் கேலி செய்யும் பாட்டு. விசாவுக்காக அலைந்த அனுபவம் அதற்கு உரம். விசா மறுத்த அதே அமெரிக்காவில், 2008-ல் அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில் 4-வது இடத்தைப் பிடித்தது.

ரகுமான் இசை அமைத்த "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்தில் அவரோடு சேர்ந்து மாயா ஒரு பாட்டு செய்தார். அது 2009-ல் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 8-ந்தேதி கிராமி விழா மேடையில் நிறைமாத கர்ப்பிணியாகப் பாடினார். மூன்றாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது.

அம்மா தைத்த பதக்கம்

2019-ம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம் மாயாவுக்கு "எம்.பி.இ." என்ற விருதை அறிவித்தது. நாடாவில் கோத்த பதக்கத்தை, 2020 ஜனவரியில் அரண்மனையில் இளவரசர் வில்லியம் அணிவித்தார்.

அந்த விருதை வாங்கியதற்கு மாயா சொன்ன காரணம் உள்ளத்தை உருக்கும். அடைக்கலம் கிடைத்த நாளில் இருந்து அவருடைய தாயார் செய்த வேலை என்ன தெரியுமா? அரசியார் வழங்கும் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுப்பது! ஆயிரக்கணக்கான பதக்கங்களைத் தைத்தவர் கலா. யார் யாருடைய மார்பிலோ அவை தொங்கின. கடைசியில் ஒன்று, தன் மகள் சட்டையில் ஏறியதை அவர் பார்த்தார்.

மகள் பதக்கம் வாங்கியதைத் தகப்பனார் பார்க்கவில்லை. அவர் 2019 டிசம்பரில் காலமாகி விட்டார்.

ஒரு காகிதம்

மாயாவுக்குத் திறமை இருந்தது, பிடிவாதம் இருந்தது, உழைக்கும் தாய் இருந்தார். இந்த மூன்றும் கும்மிடிப்பூண்டி முகாமில் இல்லையா? இருக்கின்றன. முகாம் பிள்ளைகள் படிக்கிறார்கள், பாடுகிறார்கள், பட்டமும் வாங்குகிறார்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 1983-க்கு முன்பு பிரிட்டனில் பிறந்த குழந்தைக்கு, தாய் தகப்பன் எந்த நாட்டவர் ஆனாலும், அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. மாயா அப்படிப் பிறந்தவர். இந்தியாவில் 1987-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தையின் நிலை வேறு. தாய் தகப்பன் இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். இருவருமே இலங்கைத் தமிழர் என்றால், பிறந்த மண் இது என்று சொல்லிக் குடியுரிமை கேட்க முடியாது. குடியுரிமை இல்லை என்றால் இந்திய பாஸ்போர்ட் இல்லை. அரசாங்க வேலைக்கும் வழி இல்லை.

2021-ல் தமிழ்நாடு அரசு, "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பெயர் மாறியது நல்ல காரியம். குடியுரிமைக் கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை.

கும்மிடிப்பூண்டி முகாமிலும் தகப்பனை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பும் சிறுமிகள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ரேடியோப் பாட்டு அவர்கள் காதிலும் விழுகிறது.